இறங்கிய பேட்டரியும் இறக்கிய காரணமும்: வாசகர் கேள்வி – பதில்

கார் பேட்டரி பற்றி வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பது புது பேட்டரி வாங்குவதா வேண்டாமா என்பதைத்தான். அதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி, இருக்கிற பேட்டரி ஏன் இறங்கியது என்பது. காரணம் வண்டியிலேயே இருந்துவிட்டால் புதிதாகப் பொருத்தும் பேட்டரியும் அதே வழியில்தான் போகும். எனவே கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தக் காரணத்தைத் தேடித்தான் செல்கின்றன.

கேள்வி: ஐயா, காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்டிக்டிக்’ என்று விடாமல் ஒரு சத்தம் வருகிறதே தவிர, என்ஜின் சுற்றவில்லை. டாஷ்போர்டு விளக்குகளும் அந்த நேரத்தில் மங்கிவிடுகின்றன. பேட்டரிக்கு மூன்று வயதாகிறது. எல்லோரும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே நான் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் கேட்ட சத்தமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் சோலினாய்டு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்சு, இழுத்துப் பிடிக்கிறது, பிடித்தவுடன் மோட்டார் பெரிய மின்னோட்டத்தைக் கேட்கிறது, அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட் சரிகிறது, சோலினாய்டு விட்டுவிடுகிறது, விட்டவுடன் வோல்ட் ஏறுகிறது, மறுபடியும் பிடிக்கிறது. இந்தச் சுழற்சிதான் ‘டிக்டிக்’ என்று கேட்கிறது. ஒரே ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிட்டு, ஹெட்லைட் சற்றும் மங்காமல் எரிந்தால், பழுது பெரும்பாலும் செல்ஃப் மோட்டாரிலோ சோலினாய்டிலோ இருக்கும். சத்தமே இல்லாமல் விளக்குகள் பிரகாசமாக எரிந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ‘பார்க்’ நிலையில் சரியாக விழுந்திருக்கிறதா, மேனுவல் வண்டியில் கிளட்ச் முழுவதும் மிதிக்கப்பட்டிருக்கிறதா, சாவியை வண்டி அடையாளம் கண்டுகொள்கிறதா என்று முதலில் பாருங்கள். இவற்றுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் வண்டியில் விளக்கு மங்குவதால், பேட்டரிக்குள் மின்சாரம் இல்லை, அல்லது இருந்தும் வெளியே வர முடியவில்லை என்ற இரண்டில் ஒன்றுதான். இரண்டாவது சாத்தியத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பானெட்டைத் திறந்து, பேட்டரி முனைகளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்களைக் கையால் திருகிப் பாருங்கள். சாதாரண பலத்துக்கே அசைந்தால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். முனையைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அது தெளிவான அறிகுறி. ஆனால் வெளியே பளிச்சென்று இருக்கும் கிளாம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், உள்வளையம் முழுவதும் கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல்போலப் படிந்திருப்பதும் உண்டு. விரலால் தேய்த்தால் அது வராது. கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகுதான் அடியில் ஈயத்தின் மினுமினுப்பு தெரியும். அந்தத் தோல்தான் தடை. செல்ஃப் அடிக்கும்போது ஒரு சிறிய கார்கூட 150 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். அந்த இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் அங்கேயே ஒன்றரை வோல்ட் வீணாகிவிடும். டாஷ்போர்டு விளக்குக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல. செல்ஃப் மோட்டாருக்கு அது ஒரு சுவர்.

பூத்திருக்கும் பொடியை வெறும் கையால் தொடாதீர்கள். அதில் அமிலத்தின் சேர்மங்கள் இருக்கின்றன. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கிளாம்ப்களைக் கழற்றிய பிறகு, வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றினால் அது நுரைத்துக் கரையும். நுரைப்பது நின்றதும் சுத்தமான நீரால் கழுவித் துடைத்து, முனையையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பின் மேலே பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசுங்கள். சோடாக் கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போய்விடக் கூடாது. போனால் உள்ளிருக்கும் அமிலத்தையே அது முறித்துவிடும்.

இனி மல்டிமீட்டர். வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் டயருக்குக் காற்றழுத்தம் பார்க்கும் கருவிக்கு அடுத்தபடியாக இதைத்தான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முள்ளைப் பிளஸ் முனையிலும் கறுப்பு முள்ளை மைனஸ் முனையிலும் தொடுங்கள். வண்டி சில மணி நேரமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். சற்றுமுன் ஓடிய வண்டியில் மேலோட்டமான மின்னேற்றம் தங்கியிருந்து, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆகவே நிறைந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு மட்டுமே மிச்சம். 12 வோல்ட் பேட்டரி 12 காட்டுகிறதே என்று திருப்தி அடைந்து, குற்றத்தைச் செல்ஃப் மோட்டார் மேல் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 12 என்பது ஏறக்குறைய வற்றிய கிணறு.

அளவு குறைவாக இருந்தால் அது பழுது அல்ல, பசி. முதலில் முழுவதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, மறுபடி அளந்த பிறகே பேட்டரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்படிச் சார்ஜ் செய்த பிறகும் 10.5 அளவிலேயே நின்றால் ஆறில் ஒரு செல் உள்ளுக்குள் குறுக்கிணைப்பாகிச் செத்துவிட்டது. அந்த பேட்டரியை மீட்க வழியில்லை. 12.6 காட்டினால் அடுத்த சோதனை: மீட்டரை முனைகளில் பிடித்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். என்ஜின் சுற்றும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அளவு 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி திடமாக இருக்கிறது. 9.6-க்கும் கீழே விழுந்தால் அதன் வலு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். பேட்டரி 11 வோல்ட்டில் அசையாமல் நிற்க, என்ஜின் மட்டும் இழுத்து இழுத்துச் சுற்றினால் தடை வேறெங்கோ இருக்கிறது. அப்போது ஒரு முள்ளை பேட்டரியின் ஈய முனை மீதும், மற்றொன்றை அதே முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மீதும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் திருடன் அங்கேதான் இருக்கிறான். மைனஸ் முனையிலிருந்து என்ஜின் உடலுக்குச் செல்லும் எர்த் கேபிளையும் இதே முறையில் சோதிக்கலாம்.

கேள்வி: ஜம்பர் கேபிள் வைத்து ஸ்டார்ட் செய்யும்போது கடைசி கறுப்புப் பிடியை பேட்டரியில் மாட்டாமல் என்ஜினில் மாட்டச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: மின்சாரத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான், பொறியின் பார்வையில் ஒன்றல்ல. ஈய அமில பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுகிறது. காற்றில் அதன் பங்கு 4 விழுக்காட்டைத் தாண்டினாலே ஒரு சிறு பொறி பட்டு வெடிக்கக் கூடும். கேபிள்களில் கடைசியாக மாட்டும் இணைப்பில்தான் பொறி எழும். அந்தப் பொறி பேட்டரியின் தலைக்கு மேலே எழாமல், தள்ளி ஓர் இடத்தில் எழட்டும் என்பதற்காகவே இந்த ஒழுங்கு.

ஆகவே முதலில் சிவப்புப் பிடி இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்புப் பிடி நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசியாக அதன் மறுமுனை, ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் வண்டியின் பெயின்ட் படாத, பேட்டரியை விட்டு விலகிய, அசையாத ஓர் உலோகப் பகுதியில். என்ஜினைத் தூக்குவதற்கு என்று உள்ள கொக்கி இதற்குப் பொருத்தமான இடம். பல வண்டிகளில் இதற்கெனவே ஓர் எர்த் முனை கொடுத்திருப்பார்கள்; பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் பிளஸ் முனையும் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் அதற்கான பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அதில் வேறு ஒழுங்கு சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். 24 வோல்ட் லாரியிலிருந்து எடுத்தால் உங்கள் வண்டியின் மின்னணுப் பெட்டிகள் எரிந்துபோகலாம். மாட்டிய உடனே செல்ஃப் அடிக்காமல் ஐந்து நிமிடங்கள் பொறுத்திருந்தால், இறங்கிய பேட்டரி கொஞ்சம் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். மெல்லிய கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பொறுமைதான் கைகொடுக்கும். கழற்றும்போது மாட்டிய ஒழுங்கின் தலைகீழ். பேட்டரியின் உடல் உப்பியிருந்தாலோ, விரிசல் கண்டிருந்தாலோ, உள்ளிருக்கும் நீர் உறைந்திருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, கேபிளை மாட்டவே மாட்டாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஜம்ப் செய்து ஸ்டார்ட் செய்தேன். பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தினேன். மறுநாள் காலை மறுபடியும் அதே நிலை. பேட்டரி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பதினைந்து நிமிடம் போதும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால் புரியும். 150 ஆம்பியர் மின்னோட்டத்தை மூன்று விநாடிகள் இழுத்தால் செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் (ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடும் அளவில்) எட்டில் ஒரு பங்கு மட்டுமே. நல்ல பேட்டரியில் ஒருமுறை செல்ஃப் அடித்ததற்கான செலவை என்ஜின் சில நிமிடங்களில் ஈடுகட்டிவிடும். ஆனால் உங்கள் பேட்டரி ஒரு செல்ஃபுக்கான மின்சாரத்தை இழக்கவில்லை. 45 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் அதில் முப்பதோ நாற்பதோ இழந்திருக்கிறது. என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஐடிலில் தன் முழு அளவைத் தருவதில்லை. தருவதிலும் ஒரு பகுதியை ஃபேனும் விளக்கும் பெட்ரோல் பம்பும் எடுத்துக்கொள்கின்றன. மேலும் இவ்வகை பேட்டரி நிறைய நிறைய, வாங்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதற்கே பல மணி நேரம் ஆகும். ஆகவே முழுவதும் இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டரிடம் ஒப்படைப்பது சரியல்ல. அந்த வேலை அதற்கும் சுமை, பேட்டரிக்கும் அரைகுறை.

சார்ஜர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் பாதுகாப்பானது. 45 என்றால் நான்கு, நான்கரை ஆம்பியர். இரவு முழுவதும் போல நேரம் எடுக்கும், எடுக்கட்டும். காற்றோட்டமான இடத்தில், பிடிகளை மாட்டிய பிறகே சார்ஜரின் மின்சாரத்தைப் போடுங்கள். கழற்றுவதற்கு முன் அதை நிறுத்துங்கள். முழுவதும் வற்றிய பேட்டரியைச் சில தானியங்கிச் சார்ஜர்கள் பேட்டரி என்றே அடையாளம் கண்டுகொள்ளாமல் மறுத்துவிடும். அப்படி மறுத்தால் பேட்டரி செத்துவிட்டது என்று பொருளல்ல. கையால் அளவு வைக்கும் சாதாரணச் சார்ஜரில் குறைந்த மின்னோட்டத்தில் அருகிலேயே இருந்து சிறிது நேரம் ஏற்றி, வோல்ட் எழுந்த பிறகு தானியங்கிச் சார்ஜருக்கு மாற்றலாம்.

அதன்பின் ஆல்டர்னேட்டரையும் சோதித்துவிடுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும், ஹெட்லைட்டும் ஏ.சி. ஃபேனும் போட்ட பிறகும் 13-க்குக் கீழே இறங்கக் கூடாது. 12.4, 12.3, 12.2 என்று கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டு வந்தால் ஆல்டர்னேட்டர் ஒன்றும் தரவில்லை. பெல்ட், இணைப்பு, உள்ளே உள்ள ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டி நின்றால் அளவுக்கு மீறித் தருகிறது. அந்த வண்டியில் எந்த பேட்டரியும் நீர் வற்றிச் சாகும். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கணினியே ஆல்டர்னேட்டரைச் சிறிது நேரம் அடக்கி வைப்பதுண்டு. எனவே ஒரு கணத்தில் கண்ட எண்ணை வைத்து முடிவு செய்யாமல் சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.

இறங்கிய பேட்டரியை ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடாதீர்கள். மின்னிறக்கத்தில் தகடுகள் மேல் உண்டாகும் ஈய சல்பேட் முதலில் மென்மையாக இருக்கும். சார்ஜ் செய்தால் கரைந்து திரும்பும். நாள்கள் செல்லச் செல்ல அது கடினமான படிகமாக இறுகி, திரும்பாத நிலைக்குப் போய்விடும். அன்றே சார்ஜ் செய்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய பேட்டரிகள் பல, ஒரு மாதம் அப்படியே கிடந்ததால்தான் செத்தன.

கேள்வி: பேட்டரியை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வண்டியை நான்கு நாள் எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை. தினமும் ஓட்டினால் ஒரு தொல்லையும் இல்லை. ஆல்டர்னேட்டர் 14.2 காட்டுகிறது. புது பேட்டரியும் பழுதா?

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள ‘நான்கு நாள்’ என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். வண்டி நின்றிருக்கும்போது ஏதோ ஒன்று பேட்டரியைக் குடிக்கிறது. கடிகாரம், பூட்டு அமைப்பு, கணினியின் நினைவகம் ஆகியவற்றுக்காக எல்லா வண்டியிலும் ஒரு சிறு கசிவு இருக்கும். பொதுவாக அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குற்றம் இல்லை. 50 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதியாக்கவே பதினெட்டு நாளுக்கு மேல் ஆகும். நான்கு நாளில் முடிந்துவிடுகிறது என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி அளவில் போகிறது. அதாவது தொடர்ச்சியாக 0.4 ஆம்பியர். 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் என்பது 5 வாட். வண்டியில் 5 வாட் எங்கே இருக்கிறது? டிக்கிக்குள் எரியும் சிறிய பல்பு பெரும்பாலும் அந்த அளவுதான்.

எனவே மீட்டரை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கைப்பேசியில் காணொளிப் பதிவை ஓடவிட்டு, விளக்கைப் பார்த்தபடி டிக்கிக்குள் வைத்து மூடிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். திரை இருட்டானால் நல்லது. மஞ்சள் வெளிச்சத்தில் ஸ்டெப்னி டயரும் பாய் விரிப்பும் தெளிவாகத் தெரிந்தால், மூடியபின் அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை. டாஷ்போர்டுப் பெட்டியின் விளக்குக்கும் இதே சோதனைதான். பின்னர் சேர்த்த பொருள்களையும் சந்தேகப்படுங்கள்: நிறுத்தத்திலும் பதிவு செய்யும் டேஷ்கேம், தனியாகப் பொருத்திய ஆம்ப்ளிஃபயர், அலாரம், ஜி.பி.எஸ். கருவி. பிடுங்க மறந்த சாதாரண யூ.எஸ்.பி. சார்ஜர் மட்டும் பேட்டரியை நான்கு நாளில் இறக்கிவிடாது. அதன் மேல் பழி போட்டுவிட்டுத் தேடலை நிறுத்த வேண்டாம்.

விளக்குகள் சரியாக இருந்தால் மீட்டரை 10 ஆம்பியர் அளவில், அதற்கென உள்ள துளையில் சிவப்பு முள்ளைச் செருகி வையுங்கள். பானெட் திறந்திருக்கட்டும்; கதவுகள் பூட்டிய நிலையில் இருக்கட்டும்; சாவி வண்டியை விட்டுத் தூரத்தில் இருக்கட்டும், ஏனெனில் சாவியை மோப்பம் பிடிக்கும் வண்டிகள் அது அருகில் இருக்கும்வரை தூங்குவதில்லை. மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக இணையுங்கள். முதலில் இரண்டு மூன்று ஆம்பியர்கூடக் காட்டும், பயப்பட வேண்டாம். கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போவதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். எண் படிப்படியாக இறங்குவதைப் பார்ப்பதே வண்டியைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல பாடம்: 2.1 இருந்தது, 0.9 ஆகி, சிறிது நேரம் அங்கேயே நின்று, பிறகு சட்டென்று 0.03-க்கு விழும். அப்படி விழாமல் 0.4-இல் நின்றுவிட்டால் அதுதான் நாம் தேடிய கசிவு. மீட்டர் இணைந்திருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் செல்ஃப் அடிக்காதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும்.

இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். விழுந்த ஃபியூஸின் பெயரை மூடியில் உள்ள படத்தில் பார்த்தால், எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்காகக் கதவைத் திறக்க வேண்டியிருந்தால், கதவைத் திறந்து வைத்தபடியே அதன் பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கதவு மூடியிருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். இல்லையேல் பூட்டு உடையும். எல்லா ஃபியூஸ்களையும் பிடுங்கிய பிறகும் கசிவு நிற்கவில்லையென்றால், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு பழுதாகிப் பின்னோக்கி மின்சாரத்தை விடுகிறதா என்று பார்க்க வேண்டும். 14.2 வோல்ட் தரும் ஆல்டர்னேட்டர்கூட இரவில் இப்படிக் கசிய முடியும். அந்தச் சோதனையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்; ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி நேராக பேட்டரியிலிருந்து வருவது, அதைக் கழற்றும்போது கை தவறினால் விளைவு கடுமையானது.

உங்கள் புது பேட்டரி இதுவரை எத்தனை முறை முழுவதும் இறங்கியது என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. குறுகிய நேரத்தில் பெரிய மின்னோட்டம் தருவதற்காக அப்படிச் செய்யப்பட்டவை. முழுவதும் இறங்கி ஏறுவதை அவை சில முறைகளுக்கு மேல் தாங்குவதில்லை. கசிவைக் கண்டுபிடிக்கும்வரை, இரவில் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி வைத்தாவது அதைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: பேட்டரியில் நீர் குறைந்திருக்கிறது. அமிலம் ஊற்றினால் வலு கூடுமா?

பதில்: கூடாது, கெடும். மின்னேற்றத்தின்போது பிரிந்து போவதும் வெப்பத்தில் ஆவியாவதும் நீர் மட்டுமே. கந்தக அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் அமிலம் ஊற்றினால் செறிவு ஏறித் தகடுகள் அரிக்கப்படும். காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிச் சார்ஜ் செய்து, அதன் பிறகு குறிக்கோடு வரை நிரப்புங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் முன்னதாகவே நிரப்பினால் வழிந்துவிடும்.

மூடிகள் திறக்கக் கூடிய பேட்டரியாக இருந்தால், உள்ளிருக்கும் அமிலக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழுவதும் ஏறிய செல்லில் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.265 அளவில் இருக்கும். ஐந்து செல்கள் 1.260 காட்டும்போது ஒன்று மட்டும் 1.180 என்று பின்தங்கினால், வோல்ட்மீட்டர் சொல்வதற்கு முன்பாகவே அந்தச் செல் சாகத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். அமிலம் தோலில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. ஆல்டர்னேட்டரின் ஏற்ற இறக்கங்களைத் தாங்கி மட்டப்படுத்துவது பேட்டரிதான். அதை ஓடும்போது பிரித்தால் வோல்ட் ஒரு கணத்தில் பல மடங்கு தாவி, கணினிப் பெட்டிகளை எரித்துவிடும். மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாத பழைய வண்டிகளின் காலத்துப் பழக்கம் அது. மேலே சொன்ன 13.8 – 14.5 அளவு அதே விடையை ஆபத்தில்லாமல் தரும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியுமா?

பதில்: முடியாது. என்ஜின் நின்றிருக்கும்போது கியர்பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லாததால் சக்கரத்தின் சுழற்சி என்ஜினுக்குப் போய்ச் சேராது. மேனுவல் வண்டியில் முடியும். ஆனால் அங்கும் எரிபொருள் பம்புக்கும் கணினிக்கும் கொஞ்சமாவது வோல்ட் இருக்க வேண்டும். அடியோடு வற்றிய பேட்டரியோடு எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. மீண்டும் மீண்டும் தள்ளினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும்.

கேள்வி: எல்லாச் சோதனையும் செய்துவிட்டேன், செல் செத்துவிட்டது உறுதி. நானே மாற்ற நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: வாங்கும்போது ஆம்பியர்-மணி அளவு மட்டும் ஒத்திருந்தால் போதாது. பெட்டியின் நீளம், அகலம், உயரம், பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதெல்லாம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். முனை இடம் மாறினால் கேபிள் எட்டாது, அல்லது இழுத்துப் பிடித்து எங்காவது உரசும். சிக்னலில் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு ஏ.ஜி.எம். அல்லது ஈ.எஃப்.பி. வகை (அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் பேட்டரி வகைகள்) என்று குறிப்பிட்டிருந்தால் அதே வகைதான் வேண்டும். சாதாரண பேட்டரி அந்த வேலையில் விரைவில் ஓய்ந்துவிடும். அவ்வகை வண்டிகள் சிலவற்றில் புது பேட்டரி வந்திருப்பதைக் கணினிக்குப் பதிவு செய்யவும் வேண்டும். தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடை அலமாரியிலேயே மாதக்கணக்கில் இருந்தது வேண்டாம். கலப்பு மின் (ஹைப்ரிட்) வண்டிகளிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதை மாற்றலாம், ஆனால் உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் அருகே கையைக் கொண்டு போகாதீர்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த ஒழுங்கை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் பிளஸ் நட்டில் முதலில் ஸ்பானரைப் போட்டுவிட்டேன். அதன் வால் பக்கம் ஃபெண்டர் தகட்டைத் தொட்டது. ‘சட்’ என்ற ஓசையோடு கண்ணைப் பறிக்கும் ஒரு வெள்ளை வெளிச்சம். கையை உதறிவிட்டுப் பார்த்தபோது, ஸ்பானரின் ஓரத்தில் அரிசிமணி அளவுக்கு எஃகு உருகிப் பள்ளமாகியிருந்தது. மைனஸை முதலில் எடுத்துவிட்டால் வண்டியின் உடல் தகட்டுக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகு பிளஸ் நட்டைக் கழற்றும் ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றும் நேராது. வேலைக்கு முன் மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். அந்த எஃகுக்கு நேர்ந்தது விரலுக்கு நேரக் கூடாது.

பழைய பேட்டரியைச் சாய்க்காமல் நிமிர்த்தியபடி தூக்கி, புதியது வாங்கிய இடத்திலேயே ஒப்படையுங்கள். அதன் ஈயம் உருக்கி மறுபடியும் பயன்படும், குப்பையில் போனால் மண்ணிலும் நீரிலும் கலக்கும். புதியதை வைத்ததும் அடியில் பிடிக்கும் பட்டையை மறக்காமல் இறுக்குங்கள். ஆடும் பேட்டரியின் தகடுகள் அதிர்வில் உதிரும். முதல் நாள் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, மறுநாள் காலை பானெட்டைத் திறந்து, மற்ற கதவுகளை மூடி, அரை மணி நேரம் விட்டு முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 காட்டினால் அந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பேட்டரி மேல் ஒட்டிவிடுங்கள். 12.3 என்று காட்டினால், பேட்டரியை ஒருமுறை முழுவதும் சார்ஜ் செய்து மறுபடி அளந்து பாருங்கள். மீண்டும் ஓர் இரவில் இறங்கியிருந்தால், டிக்கிக்குள் கைப்பேசியை வைப்பதிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.